திருவான்மியூர்த் தரைத்தள வீட்டுக்குப் பூச்சி ஒழிப்பு ஒப்பந்தம்: எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை

சென்னையில் கடலை ஒட்டிய பகுதியில், பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்குப் பூச்சித் தொல்லை ஒரு பருவத்தோடு முடிந்துபோவதில்லை. சித்திரை வைகாசி வெப்பமும், ஐப்பசி கார்த்திகை மழையும், ஆண்டு முழுவதும் கடற்காற்று கொண்டுவரும் ஈரமும் சேர்ந்து கரப்பானுக்கும் கரையானுக்கும் கொசுவுக்கும் இடைவெளியே இல்லாத வாழ்வை அமைத்துக் கொடுத்திருக்கின்றன. சமையலறை அலமாரிகளில் குடியேறும் சிறிய ஜெர்மன் கரப்பான், நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ இரண்டு மாதங்களே எடுத்துக்கொள்கிறது. ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். இந்தக் கணக்கைப் பார்த்தால், கடையில் வாங்கிய ஸ்பிரேயை அவ்வப்போது அடித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்ற எண்ணம் ஏன் எந்த வீட்டிலும் பலிப்பதில்லை என்பது விளங்கும்.

கரப்பான், கரையான், எலி, கொசு ஆகிய நான்கையும் உள்ளடக்கிய ஓராண்டு ஒப்பந்தம் ஒன்றை ஒரு பூச்சி ஒழிப்பு நிறுவனத்துடன் சென்ற ஆண்டு செய்துகொண்டோம். அது முடியும் தறுவாயில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இந்தத் தொழிலில் வேலையின் தரம் வீட்டுக்கு வரும் பணியாளரைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது. எங்களுக்கு வந்தவர் திறமைசாலி என்பதை வைத்து, அதே நிறுவனத்தின் வேறொரு குழு வேறொரு வீட்டில் எப்படிச் செய்யும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. எதைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்பதே படிப்பவருக்குப் பயன்படும்.

ஒப்பந்தத்துக்கு முன் பல நிறுவனங்களிடம் தொலைபேசியில் விசாரித்தபோது, எல்லோரும் முதலில் சொன்ன சொல் ‘ஹெர்பல்’ என்பதுதான். வாசனை இருக்காது, வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை, பாத்திரங்களை எடுத்து வைக்க வேண்டியதில்லை என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். அப்படியானால் மருந்தின் பெயர் என்ன என்று கேட்டதும் பேச்சு தடுமாறியது. கரப்பானுக்கு வைக்கப்படும் ஜெல் பெரும்பாலும் ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோபிரிட் கலந்த இரசாயன மருந்துதான். வாசனை இல்லாதது அதன் தயாரிப்பு முறையால் வந்த குணம், மூலிகையால் வந்ததன்று. அளவோடும் முறையோடும் வைத்தால் அது வீட்டுக்கு ஏற்ற மருந்தே என்பதால், அதை மறைக்க வேண்டிய அவசியம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனம் மட்டுமே மருந்துகளின் பெயரையும் செறிவையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, உரிமத்தின் நகலையும் இணைத்திருந்தது.

உரிமத்தைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழும் 1971ஆம் ஆண்டின் விதிகளின்கீழும், வணிக முறையில் பூச்சி ஒழிப்புப் பணி செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதற்கு வேளாண்மையிலோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம் வேண்டும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். ஆனால் பட்டமும் பயிற்சியும் பெற்றவர் அலுவலகத்தில் இருப்பார். நம் வீட்டுக் கதவைத் தட்டுபவர் அவரிடம் வேலை கற்றுக்கொண்ட இளைஞராகத்தான் இருப்பார். ஆகவே உரிமம் இருப்பது குறைந்தபட்சத் தகுதியே தவிர, நல்ல வேலைக்கு உத்தரவாதமாகாது.

முதல்முறை வந்த பணியாளர் மருந்துப் பெட்டியைத் திறக்காமலேயே சமையலறையில் வெகுநேரம் செலவிட்டார். டார்ச்சும், பல் மருத்துவர் வைத்திருப்பதைப் போன்ற ஒரு சிறு கண்ணாடியும் அவர் கையில் இருந்தன. அலமாரிக் கதவின் கீல், சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர், மிக்ஸியின் அடிப்பாகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் மூடியைக் கழற்றிக் காட்டினார். மிளகுத்தூளைத் தூவியது போன்ற எச்சமும், காலியான முட்டைக்கூடுகளும், வெளிச்சம் பட்டதும் சிதறி ஓடிய குஞ்சுகளும் அதனுள் இருந்தன. வெதுவெதுப்பும் ஈரமும் இருட்டும் ஒரே இடத்தில் கிடைப்பதால் சென்னை வீடுகளில் இவை அதிகம் கூடும் இடம் இதுதான் என்றார். குடிக்கும் தண்ணீர் வரும் இயந்திரம் என்பதால் பலரும் அதன் பக்கமே ஸ்பிரே அடிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு மூடியைக் கழற்றியதற்கே அவருக்குக் கூலி தகும்.

அதன் பிறகுதான் ஜெல் வைத்தார். இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம் என்று அச்சிட்ட குழாயைக் காட்டிவிட்டு, பாதித் துவரம்பருப்பு அளவுக்குப் புள்ளி புள்ளியாக, எச்சம் தென்பட்ட இடங்களுக்கு அருகில் வைத்துக்கொண்டே போனார். மருந்தைத் தின்ற கரப்பான் உடனே சாகாமல் தன் மறைவிடத்துக்குத் திரும்பிச் சென்று சாகிறது; அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும், வெளியே வராத குஞ்சுகள் உட்பட, அடுத்தடுத்துச் சாகின்றன. ஜெல்லின் பலம் இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது. இதே காரணத்தால் அதன் மீதோ அருகிலோ ஸ்பிரே அடிப்பதும், சாக்பீஸ் மருந்தால் கோடு போடுவதும் வேலையைக் கெடுத்துவிடும். அந்த நெடி கரப்பானை ஜெல்லுக்குப் பக்கத்தில் வராமல் விரட்டுகிறது. “அம்மா, பதினஞ்சு நாளைக்கு இந்தக் கீல் பக்கம் சோப்புத் துணி போட்டுத் துடைக்காதீங்க, ஸ்பிரேயை எடுத்துப் பரண்ல வச்சிடுங்க” என்று அவர் சொன்னதை எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடமும் தனியாக ஒருமுறை சொல்லச் சொன்னேன். துடைப்பவர் அவர்தான் என்பதால் அந்த அறிவுரை அவருக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும்.

முதல் வாரத்தில் பகலிலேயே தள்ளாடிக்கொண்டு வெளியே வந்த கரப்பான்களைப் பார்த்து வீட்டிலுள்ளோர் மருந்து வேலை செய்யவில்லை என்று கூறத் தொடங்கினார்கள். உண்மையில் அது வேலை செய்வதன் அடையாளம். இரண்டாம் முறை வந்து மீண்டும் வைத்த பிறகு சமையலறையில் சிறிய கரப்பான் அறவே இல்லை என்று சொல்லும் நிலை வந்தது. இரண்டாவது வருகையில் வேறு மூலப்பொருள் கொண்ட ஜெல்லைப் பயன்படுத்தியதையும் குறிப்பிட வேண்டும். இனிப்பு கலந்த ஒரே வகை இரையைத் தொடர்ந்து வைத்தால் அதைத் தொடாத கரப்பான்களின் சந்ததி மட்டும் பிழைத்துப் பெருகும் வாய்ப்பு உண்டு. குளுக்கோஸை வெறுக்கும் ஜெர்மன் கரப்பான்களைப் பற்றி 1993ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வகையை மாற்றி வைக்க வேண்டும் என்பதை நான் கேட்காமலே அவர் செய்தது நிறுவனத்தின் பயிற்சிக்கு நல்ல சான்று.

பெரிய கரப்பான் கதை வேறு. குளியலறைத் தரைச் சல்லடை வழியாக இரவில் ஏறிவரும் செந்நிறப் பெரிய கரப்பான், வீட்டில் வாழ்வதில்லை. கழிவுநீர்ச் சேம்பரிலும் குழாய்ச் சந்துகளிலும் வாழ்கிறது. மழை பெய்து சேம்பர் நிரம்பினால் கூட்டமாக மேலே வருகிறது. எங்கள் ஒப்பந்தம் வீட்டுச் சுவரோடு முடிந்துவிட்டதால், வெளியே உள்ள சேம்பர்களுக்கு மருந்தடிக்கக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியும் தனிக் கட்டணமும் தேவைப்பட்டன. செயலாளர் ஐயாவிடம் இதைப் பேசிச் சம்மதிக்க வைப்பதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. அடுக்குமாடியில் வீடு வைத்திருப்பவர்கள் தனித்தனியாக ஒப்பந்தம் போடுவதைவிடச் சேம்பர்களையும் குழாய்ச் சந்தையும் சேர்த்துச் சங்கத்தின் பெயரில் ஒரே ஒப்பந்தம் போடுவது செலவிலும் பலனிலும் மேல் என்று நினைக்கிறேன். இதை விற்பனைப் பிரிவு முதலிலேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கரையான் வேலை இந்த ஒப்பந்தத்தின் மிகக் கனமான பகுதி. படுக்கையறை மர அலமாரியின் பின்பலகை, குளியலறையோடு பொதுச் சுவரைப் பகிர்ந்துகொள்கிறது. அந்தச் சுவரில் பென்சில் பருமனுக்கு ஒரு மண்குழாய் ஏறியிருந்தது. அதை உடைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் மீண்டும் கட்டியிருக்கும். மரத்தில் மருந்து பூசினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் கரையானின் புற்று தரைக்கு அடியில், ஈரமான மண்ணில் இருக்கிறது. அலமாரி அதன் உணவுக்கூடம் மட்டுமே. ஆகவே கட்டி முடித்த வீடுகளுக்கான முறை, தரையும் சுவரும் சேரும் கோட்டில் துளையிட்டு மருந்தை மண்ணுக்குள் செலுத்துவதாகும். இந்திய தரநிலை 6313இன் மூன்றாம் பகுதி இதை விரிவாக வகுத்திருக்கிறது: 12 மில்லிமீட்டர் விட்டத்தில், ஏறத்தாழ 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் துளைகள் இட வேண்டும், துளைக்கு ஒரு லிட்டர் என்ற அளவில் கலவையைச் செலுத்த வேண்டும்.

பணியாளர்கள் இருவர் வந்து, சுவரோரம் அளவு நாடா வைத்து, சாக்பீஸால் குறியிட்டுத் துளைத்தார்கள். பயன்படுத்திய மருந்து இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம், லிட்டருக்கு 2.1 மில்லி என்ற கணக்கில் என் எதிரிலேயே வாளியில் கலந்தார்கள். முன்பெல்லாம் குளோர்பைரிபாஸ் அடித்தால் அந்த மண்ணெண்ணெய் நெடி போக நாட்கணக்காகும். இதில் அந்தத் தொல்லை இல்லை. மருந்து இருப்பதைக் கரையான் உணராமல் அதனூடே நடமாடி, மேலில் ஒட்டியதை மற்றவற்றுக்கும் பரப்புவது இதன் சிறப்பு. ஆனால் எங்கள் பகுதியின் மணற்பாங்கான மண், களிமண்ணைப் போல மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை என்பதையும் கருத வேண்டும். நிறுவனம் மூன்றாண்டு உத்தரவாதம் தருகிறது. கடலோர மணலில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருவார்கள் என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்வதே மேல்.

இந்த வேலையில் குறை ஒன்று உண்டு. சமையலறையில் நிலையாகப் பொருத்தப்பட்ட அடியலமாரிகளின் பின்னால் உள்ள சுவரை அவர்கள் விட்டுவிட்டார்கள். துளைகளின் வரிசை அலமாரியின் ஓரத்தில் வந்து நின்று, மறுபக்கத்தில் தொடர்ந்தது. இடையில் விடுபட்ட நீளம் கரையானுக்குத் திறந்த வாசல் ஆகிவிடும் என்று சுட்டிக்காட்டியபோது, அலமாரியை அசைக்க முடியாது என்று முதலில் மறுத்தார்கள். அலமாரியின் கீழ்ப்பலகையைத் தச்சரைக் கொண்டு கழற்றி வைத்தால் துளையிடலாம் என்று பின்னர் ஒத்துக்கொண்டு, தனிக் கட்டணம் கேட்காமல் வந்து முடித்துக் கொடுத்தார்கள். தச்சர் கூலி எங்களுடையது. துளைகளை அடைத்த வெள்ளைச் சிமெண்டு, எங்கள் சிவப்புத் தரையில் இன்றும் பளிச்சென்று தெரிகிறது. சிறிது நிறப்பொடி கலந்திருந்தால் இந்தக் கண்ணுறுத்தல் இருந்திருக்காது.

எலி விஷயத்தில் இந்த நிறுவனம் மறுத்துவிட்ட ஒன்றுக்காகவே அதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். வீட்டுக்குள் எங்கும் எலி விஷம் வைக்க மாட்டோம் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்கள். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் பூச்சி ஒழிப்புப் பணியாளர்கள் வைத்துச் சென்ற எலி மருந்தின் நெடி, ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் பரவி இரண்டு குழந்தைகள் உயிரிழந்ததைச் சென்னையில் யாரும் மறந்திருக்க முடியாது. காற்றில் நச்சு வாயுவை வெளிவிடும் மருந்துகள் மனிதர் உறங்கும் வீட்டுக்குள் வரவே கூடாதவை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தானியக் கிடங்குக்கு உரியது. இப்படிப்பட்ட எதையேனும் ‘ஸ்பெஷல் பவுடர்’ என்றோ ‘கேக்’ என்றோ பெயர் சொல்லாமல் வைக்க வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது நம் பொறுப்பு. மருந்துப் பொட்டலத்தில் சாய்சதுரத்துக்குள் அச்சிடப்பட்டிருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்தாலே நச்சுத்தன்மையின் அளவு தெரியும்: சிவப்பு மிகக் கொடியது, அதற்கடுத்து மஞ்சள், பின் நீலம், கடைசியாகப் பச்சை. பொட்டலமே இல்லாமல் பழைய தண்ணீர்ப் பாட்டிலில் மருந்து கொண்டுவந்தால் பேச்சுக்கே இடமில்லை. வீடுகளில் முன்பு தாராளமாக அடிக்கப்பட்ட டைகுளோர்வாஸ், 2020 டிசம்பர் 31உடன் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதன் பழைய வணிகப் பெயரைப் பெருமையாகச் சொல்லி விற்பவர்கள் இன்னும் இருப்பதாகத் தெரிகிறது.

உள்ளே விஷத்துக்குப் பதிலாக ஓட்டைகளை அடைத்தார்கள். ஏசி குழாய் சுவரைக் கடக்கும் துளை, எரிவாயுக் குழாய்க்காக இட்ட துளை ஆகியவற்றில் இரும்பு நார் திணித்துச் சிமெண்டு பூசினார்கள். சுண்டெலி வரத்து அத்தோடு நின்றது. வெளியே கீழ்நிலைத் தொட்டிக்கு அருகில் மணலைப் பறித்துக் குவித்திருந்த பெருச்சாளிகளுக்கு, பூட்டிய இரைப்பெட்டிக்குள் புரோமடியோலோன் 0.005 சதவீதக் கட்டிகளை வைத்தார்கள். இரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாட்கள் கழித்துக் கொல்லும் மருந்து இது. அதனால் செத்த எலியை எங்கே தேடுவது என்ற சிக்கல் உண்டு. பெட்டி பூட்டப்பட்டிருப்பதால் தெரு நாய்க்கும் பூனைக்கும் நேரடி ஆபத்து குறைவு என்றாலும், விஷம் தின்ற எலியைப் பூனை தின்றால் அதற்கும் கேடுதான். காவலாளி அண்ணனிடம் தினமும் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கும்படி சொல்லி வைத்தோம்.

கொசுவுக்காக இந்த ஒப்பந்தத்தில் கொடுத்த பணம் வீண். மாதம் ஒருமுறை ஒருவர் வந்து வீட்டின் மூலைகளிலும் திரைச்சீலைகளின் பின்னாலும் மருந்தடித்துவிட்டு, புகை இயந்திரத்தால் வாசலில் ஒரு வலம் வந்து செல்வார். அன்று மாலை கொசு குறைவாக இருக்கும். மறுநாள் பழையபடி வந்துவிடும். புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். நீரில் வளரும் புழுவை அது தொடுவதில்லை. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும் என்னும்போது, மாதம் ஒருமுறை வரும் புகையால் என்ன ஆகிவிடும்?

மேலும் சென்னையில் கொசு என்பது ஒன்றல்ல. இரவில் காதருகே ரீங்காரமிடும் கியூலக்ஸ், பக்கிங்காம் கால்வாயும் மழைநீர் வடிகால்களும் போன்ற அழுக்கு நீரில் பெருகுவது. ஒரு வீட்டுக்காரர் அதன் பிறப்பிடத்தை எதுவும் செய்ய முடியாது, சன்னல்களுக்கு வலை அடிப்பதே வழி. பகலில் கடித்து டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நம் வீட்டிலேயே பிறக்கிறது: குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள தட்டு, மணி பிளாண்ட் வைத்த கண்ணாடிப் பாட்டில், மாடியில் கவிழ்க்காமல் விட்ட பெயிண்ட் வாளி. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிறது. பின்னிரண்டையும் ஒழிக்கப் புகை தேவையில்லை; வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிக் கழுவித் துடைப்பதும், தொட்டி மூடியைப் பொருத்தமாக மூடுவதும் போதும். மாநகராட்சியின் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு தேடி வந்து, கட்டணமின்றி, இவற்றைத்தான் பார்க்கிறார்கள். அவர்களை மாடிக்கு விடாமல் கேட்டிலேயே அனுப்பிவிட்டுத் தனியாருக்குப் பணம் கொடுத்துப் புகை போடும் வழக்கம் எங்கள் தெருவில் நிறையவே இருக்கிறது.

அலுவலகத்தின் நடத்தை பற்றியும் சொல்ல வேண்டும். களப்பணியாளர்களிடம் இருந்த நேர்மையும் பொறுமையும் தொலைபேசியில் பேசியவர்களிடம் இல்லை. வருகைக்கு நேரம் குறித்துவிட்டு வராமல், ‘நாங்கள் வந்தோம், கதவு பூட்டியிருந்தது’ என்று குறுஞ்செய்தி அனுப்பிய சம்பவம் நடந்தது. அன்று முழுவதும் வீட்டில் ஆள் இருந்தது. புகார் செய்த பிறகு மேலாளர் மன்னிப்புக் கேட்டு அந்த வருகையை ஈடுசெய்தார். ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கும்போதே புதுப்பிக்கச் சொல்லி அழைப்புகள் தொடங்கிவிட்டன. முதலில் சொன்ன தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்க்கப்படவில்லை என்பது பட்டியல் கைக்கு வந்த பிறகே தெரிந்தது. கேட்பவர்கள் வரியோடு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதுப்பிக்கும்போது கொசுப் பிரிவை நீக்கச் சொன்னேன். அது நான்கும் சேர்ந்த தொகுப்பு, பிரிக்க முடியாது என்றார்கள். கரப்பானுக்கும் எலிக்கும் தனி விலை எழுதித் தந்தால் மட்டுமே கையெழுத்து என்றதும், மறுநாளே தனி விலை வந்தது. கரையானுக்கு உத்தரவாதம் நடப்பில் இருப்பதால் புதுக் கட்டணம் இல்லை. ஆனால் உத்தரவாதப் படிவத்தின் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில், தரையை உடைத்து மாற்றினால் அது செல்லாது என்று அச்சிட்டிருக்கிறது. குளியலறை ஓடுகளை மாற்றும் எண்ணம் எங்களுக்கு இருப்பதால், உடைத்த தரைக்கு அடியில் புதிய ஓடு பதிக்கும் முன்பே மருந்து ஊற்றி, உத்தரவாதத்தைத் தொடர்வதற்கு எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். அந்தப் பதில் வந்த பிறகே கொத்தனாருக்கு நாள் குறிக்க வேண்டும்.